பழவேற்காடு என்ற பெயர் யாருடையது?

மலேசியாவில் வேலை முடிந்து வீடு திரும்பும் மலாய்க்காரர் இடுப்பில் கட்டிக்கொள்ளும் கட்டம் போட்ட கைலிக்கு 'கைன் பெலிக்காட்' என்று பெயர். நம் ஊர்க் கடைகளில் அது பாளையக்காட்டு லுங்கி. இரண்டு பெயர்களும் சென்னைக்கு வடக்கே, ஏரிக்கரையில் கிடக்கும் பழவேற்காட்டிலிருந்து புறப்பட்டவை. டச்சுக் கம்பெனி 1610 வாக்கில் இங்கே வந்திறங்கி, 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியதற்கு முதன்மையான காரணம் இந்தப் பக்கத்துத் துணிதான். கிராம்பும் ஜாதிக்காயும் விளையும் தீவுகளில் காசைவிடச் சோழமண்டலத் துணிக்கே சரக்கு எளிதாகக் கிடைத்தது. 1690 வரை அந்தக் கம்பெனியின் சோழமண்டலத் தலைமையிடமாகப் பழவேற்காடு இருந்தது. இதே இனத்தைச் சேர்ந்த கட்டம் போட்ட துணி, 'மெட்ராஸ் கைக்குட்டை' என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்கா வரை போனது. நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இன்றும் அதைச் சடங்குத் துணியாகப் போற்றுகிறார்கள்.

நானூறு ஆண்டுகளாகக் கடல்கடந்து செல்லுபடியாகும் பெயர் இது. இன்றைய விளம்பர நிறுவனங்கள் கோடிக்கணக்கில் செலவழித்தாலும் இப்படி ஒரு பெயரைச் சம்பாதித்துவிட முடியாது. ஆனால் இந்த லுங்கி இன்று வேறு ஊர்களில், பெரும்பாலும் விசைத்தறியில் ஓடுகிறது. வேறு வேறு கம்பெனிகளின் மார்க்கோடு விற்பனையாகிறது. பெயரைக் கொடுத்த ஊருக்கு அதில் ஒரு பைசா வருவதில்லை.

பெயர் என்ன செய்யவல்லது என்பதற்கும் இந்தத் துணியின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், சென்னையில் கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் கைத்தறி மெட்ராஸ் துணியை வாங்கி நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குக் கொடுத்தார். துவைத்ததும் சாயம் போனது, வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். சாயம் போவதுதான் இந்தத் துணியின் தனிச்சிறப்பு, ஒவ்வொரு துவைப்பிலும் புது நிறம் காட்டும் என்று விளம்பரத்தைத் திருப்பிப் போட்டார்கள், அதன்பின் துணி பறந்தது என்று ஜவுளி வணிகத்தில் அந்தக் கதையைச் சொல்வார்கள். குறையையே குணமாக்கிக் காட்டும் வலிமை பெயருக்கு உண்டு. ஆனால் அது சம்பாதிக்கும் பணம், பெயரைக் கையில் வைத்திருப்பவரிடம்தான் போய்ச் சேரும். சாயத்தொட்டியில் கை நனைத்தவருக்குக் கூலி மட்டுமே மிஞ்சியது.

ஆகவே பழவேற்காட்டு ஏரிக்கரையில் யாராவது 'பிராண்ட்', 'புவிசார் குறியீடு' என்று பேச்செடுத்தால் அதைப் புதுமோகம் என்று தள்ளிவிட முடியாது. இந்த ஊர் ஒருமுறை தன் பெயரை இழந்திருக்கிறது. துணிக்கு நேர்ந்தது இறாலுக்கும் நண்டுக்கும் பனையோலைப் பெட்டிக்கும் நேரக்கூடாது என்ற அக்கறை நியாயமானது. அதற்குக் கையாளப்படும் வழி என்ன தரும், என்ன தராது என்பதை நிறுத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

சட்டம் இரண்டு கருவிகளைத் தருகிறது. ஒரு குடும்பமோ நிறுவனமோ தன் சரக்கின் பெயரைக் காத்துக்கொள்ள வணிகச் சின்னம். ஒரு வட்டாரமே சேர்ந்து தன் பெயரைக் காத்துக்கொள்ளப் புவிசார் குறியீடு. முதலாவதன் வலிமைக்குத் திண்டுக்கல் தலப்பாக்கட்டியைவிடத் தெளிவான சான்று தமிழ்நாட்டில் இல்லை. 1957இல் நாகசாமி நாயுடு தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டலுக்கு, அவர் தலையில் கட்டியிருந்த தலைப்பாகையால் மக்களே வைத்த பெயர் அது. பின்னாளில் அதே பெயரைச் சற்று மாற்றிச் சென்னையில் மற்றவர்கள் கடை போட்டபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2011இல் தீர்ப்பு திண்டுக்கல் குடும்பத்துக்குச் சாதகமாக வந்தது. சீரகசம்பா அரிசியில் பிரியாணி செய்வதை யாரும் தடுக்க முடியாது. தாத்தாவின் தலைப்பாகையைப் பலகையில் மாட்டிக்கொள்வதைத் தடுக்க முடிந்தது. மூன்று தலைமுறையாக ஒரே கைப்பக்குவத்தைக் காத்த குடும்பத்துக்கு, அந்தப் பக்குவத்தால் வந்த நல்ல பெயர் சொத்தாக நின்றது. குடும்பத் தொழிலுக்கு வணிகச் சின்னம் செய்யும் மிகப் பெரிய நன்மை இதுதான்: நிலமும் கட்டடமும் இல்லாதவனிடமும் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல ஒன்று இருக்கிறது.

பல குடும்பங்கள் ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் கதை சிக்கலாகிறது. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் செய்யும் குடும்பங்கள் சங்கமாகச் சேர்ந்து விண்ணப்பித்து 2020இல் புவிசார் குறியீடு பெற்றன. போட்டியாளர்கள் ஒரே கையெழுத்தின் கீழ் வந்தது எளிதில் நடக்கிற காரியம் அன்று. ஊர்ப்பெயரைத் தனியொருவர் வணிகச் சின்னமாகப் பதிவதைச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை என்பதால், சேர்ந்தால்தான் பெயர் என்ற நிலை. புவிசார் குறியீட்டை விற்கவோ அடகு வைக்கவோ உரிமம் கொடுத்துக் கைகழுவவோ முடியாது. கடன்காரனால் பறிக்க முடியாத சொத்து அது. தலைமுறை தலைமுறையாக வலையையும் படகையும் கடனுக்கு ஈடுவைத்துப் பழகிய மீனவ ஊருக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

நாடு முழுவதற்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. 1999இல் இயற்றப்பட்ட சட்டம் 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2004இல் டார்ஜிலிங் தேயிலை முதலில் பதிவானது. தமிழ்நாட்டுக்கு மட்டும் இப்போது அறுபதுக்கும் மேற்பட்ட பதிவுகள் உண்டு. உலகத்துக்கே துணியின் பெயரைக் கொடுத்த பழவேற்காடு அந்தப் பதிவகத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் கிடக்கிறது. லுங்கியைப் பொறுத்தவரை காலம் கடந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. எங்கும் எவரும் நெய்யும் ஒரு வகைத் துணிக்குப் பொதுப்பெயராகிவிட்ட ஒன்றைச் சட்டம் பதிவதில்லை. பெயரைக் காக்க வேண்டிய வேளையில் காக்கத் தவறினால் அது ஊரார் சொத்தாகிவிடும் என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் வேண்டாம்.

இனி ஏரிக்கு வருவோம். பழவேற்காடு பஜாரிலிருந்து பார்த்தால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் தெரிவது பசியாவரம். அதையடுத்து இடமணி, சாத்தான்குப்பம், ரகமத் நகர். மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் பிரசவத்துக்குப் போகிற பெண்ணும் படகையே நம்பியிருந்த தீவு ஊர்கள் இவை. பிடித்த இறாலும் நண்டும் அதே படகில்தான் கரைசேர வேண்டும். கரை சேர்ந்ததும் சரக்குக்கு என்ன ஆகிறது? இறாலைக் கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்று 'கவுண்ட்' பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். களி நண்டின் கொடுக்கை உடம்போடு சேர்த்துக் கயிற்றால் கட்டி, அடி ஓட்டை விரலால் அழுத்திப் பார்க்கிறார்கள். ஓடு மாற்றிய பிறகு சதை பிடிக்காத நண்டு என்றால் ஓடு உள்ளே வாங்கும், விலை பாதியாக விழும். விலையை முடிவு செய்வது இந்த இரண்டே சோதனைகள். எந்த ஏரி, எந்த ஊர், எந்த வலை என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. பெட்டியில் ஐஸ் கொட்டி மூடியதும் சரக்கு ஊர் பேர் இல்லாததாகிவிடுகிறது. பிறகு சென்னையில் ஒரு தட்டில் வரும்போதோ சிங்கப்பூருக்கு உயிரோடு போய் இறங்கும்போதோ மறுபடியும் அதற்கு ஒரு பெயர் ஒட்டிக்கொள்கிறது. பெயரோடு கூடிய விலை அந்தக் கட்டத்தில் இருப்பவருக்கே கிடைக்கிறது.

பிராண்டின் ஆதரவாளர்கள் இந்த இடத்தைச் சரியாகவே தொடுகிறார்கள். ஊர்ப்பெயர் கரையிலேயே சரக்கின்மேல் ஏறிவிட்டால் பேரம் மாறும். பக்கத்துப் பண்ணைக் குட்டைகளில் வளரும் வனாமி இறாலும் ஏரியில் பிடித்த வெள்ளை இறாலும் வேகவைத்த பிறகு சாதாரணக் கண்ணுக்கு ஒன்றுதான். ஏரி இறாலுக்கு அதிகம் கொடுக்கத் தயாராக இருப்பவரும் எதை நம்பிக் கொடுப்பார்? அந்த நம்பிக்கையைத் தருவது பெயரின் வேலை.

ஆனால் இவர்கள் பேசாமல் விடும் ஒன்று உண்டு. மீனவர் வலை வாங்கவும் என்ஜின் பழுது பார்க்கவும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார். முன்பணம் வாங்கியவர் பிடித்ததை அந்த வியாபாரிக்கே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். இந்தக் கட்டு இருக்கும்வரை சரக்கின்மேல் எந்த முத்திரையைக் குத்தினாலும் கூடுதல் விலை முன்பணம் கொடுத்தவரின் பையில்தான் விழும். பிராண்ட் வேண்டும் என்பவர் முதலில் கடனைப் பற்றிப் பேச வேண்டும். கூட்டுறவுக் கடனும் ஊருக்குள்ளேயே ஒரு ஐஸ் பெட்டியும் செய்கிற நன்மையைச் சான்றிதழ் செய்துவிடாது.

அடுத்த குறை இன்னும் ஆழமானது. பதிவு செய்வது ஒருநாள் வேலை, காப்பது தினசரி வேலை. பவானி ஜமக்காளம் 2005 வாக்கிலேயே புவிசார் குறியீடு பெற்றது. தமிழ்நாட்டின் முதல் பதிவுகளில் ஒன்று. அதற்குப் பிறகும் சோலாப்பூரிலிருந்து செயற்கை நூலில் விசைத்தறியில் ஓடிய மலிவு விரிப்புகள் ஜமக்காளம் என்றே சந்தையில் குவிந்தன. பவானியில் கைத்தறிக் குழிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சட்டம் நெசவாளர் பக்கம்தான் இருந்தது. ஆனால் கடை கடையாகப் போய்ப் பார்க்கவும், போலியைப் பிடித்து வழக்குப் போடவும், வாய்தாவுக்கு வாய்தா வக்கீலுக்குப் பணம் கட்டவும் அன்றாடம் தறியில் உட்கார்ந்தால்தான் கஞ்சி என்றிருப்பவரால் முடியுமா? தலப்பாக்கட்டிக் குடும்பத்தால் முடிந்தது. அவர்களிடம் வசதியும் இருந்தது, முடிவெடுக்க ஒரே தலையும் இருந்தது. ஊரின் பெயரைக் காக்க ஊருக்கு அமைப்பு வேண்டும். அது கூட்டம் போட்டுக் கலைந்துவிடும் அமைப்பாக இருந்தால் போதாது. மீறியவரைத் தட்டிக் கேட்கும் அதிகாரம் அதற்கு இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் பழவேற்காடு மற்ற ஊர்களிலிருந்து வேறுபடுகிறது. இங்கே அப்படி ஓர் அமைப்பு ஏற்கெனவே உண்டு: பாடு முறை. ஏரியில் முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாகப் படும் இடங்களை யாரும் தன்னிஷ்டத்துக்கு வளைத்துக்கொள்ள முடியாது. ஊர்ப் பஞ்சாயத்தில் பெயருள்ள தலைக்கட்டுகளுக்குச் சீட்டுக் குலுக்கி, எந்த முறையில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று பிரித்துக்கொடுக்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் சுழன்று வரும். மீறினால் தண்டம். எழுதிய சட்டத்தின் துணையில்லாமல், போலீஸும் கோர்ட்டும் இல்லாமல், தலைமுறைகளாக ஒரு பொதுச் சொத்தைப் பங்கிட்டுக் காத்துவந்த ஏற்பாடு இது. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் ஆய்வாளர்கள் இதைப் படிக்க வந்திருக்கிறார்கள் என்றால் வியப்பில்லை. புவிசார் குறியீட்டுச் சட்டம் ஒரு வட்டாரத்து உற்பத்தியாளர்களிடம் எதிர்பார்ப்பது என்ன? உறுப்பினர் யார் என்ற பட்டியல், தர விதி, கண்காணிப்பு, மீறினால் நடவடிக்கை. பெரும்பாலான சங்கங்கள் இதைக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு திண்டாடுகின்றன. ஏரிக்கரை ஊர்கள் காகிதம் இல்லாமலே நடத்திக் காட்டியிருக்கின்றன. பெயரைக் காக்கும் திறமை வெளியிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டிய ஒன்றாக இங்கே இல்லை.

ஆனால் இந்தப் பாட்டின் வலிமை எதுவோ, அதுவே அதன் தீமையும். யாரைச் சேர்ப்பது என்பதில் எவ்வளவு கறாரோ, யாரைத் தள்ளுவது என்பதிலும் அவ்வளவு கறார். தலைக்கட்டு என்பது ஆண். பெண்ணுக்குப் பாட்டில் பெயர் கிடையாது. பாடு பெரும்பாலும் பட்டினவர் என்ற மீனவச் சாதியினரின் ஊர்களுக்கே உரிமை. ஏரியை நம்பியே வாழும் தலித் மீனவர்களும் இஸ்லாமிய மீனவர்களும் இருளர்களும் அதற்கு வெளியே நிற்கிறார்கள். பாடு உள்ள ஊர்களுக்கும் இல்லாத ஊர்களுக்கும் இடையே நடந்த மோதல்கள் இந்தக் கரையில் பழைய கதை இல்லை.

இருளர் பெண் இறால் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். படகு இல்லை, வலை இல்லை. இடுப்பளவு, சில இடங்களில் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போட்டுவைக்கும் பனையோலைப் 'பறி'யைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார். விரலில் முள் குத்தும், சிப்பி கிழிக்கும். ஏரியின் எந்த மூலையில், எந்தத் தண்ணீர் மட்டத்தில் இறால் ஒதுங்கும் என்ற அறிவு அந்த விரல்நுனியில் இருக்கிறது. நாளைக்குப் 'பழவேற்காட்டு ஏரி இறால்' என்று பதிவாகி, ஊர்ப் பஞ்சாயத்துப் பட்டியலே உற்பத்தியாளர் பட்டியலாகவும் ஆகிவிட்டால் என்ன நடக்கும்? இந்தப் பெண் இதுவரை விற்றுவந்த இறாலைப் பழவேற்காட்டு இறால் என்று சொல்லிக்கூட விற்க முடியாது. பாட்டுக்கு வெளியே இருந்தவர் பெயருக்கும் வெளியே போவார். போலியைத் தடுக்க வந்த சட்டம் ஏரியின் ஆதிக் குடியைப் போலி என்று முத்திரை குத்தும். புவிசார் குறியீடு குறித்து எனக்குள்ள மிகப் பெரிய அச்சம் இதுதான். சாதிக்கணக்கில் நடந்த விலக்கலுக்கு அரசு முத்திரை கிடைத்துவிடும் ஆபத்து இது.

பனையோலை வேலையில் நிலைமை கொஞ்சம் வேறு. பழவேற்காட்டில் இஸ்லாமியப் பெண்கள் வீட்டுக்குள் இருந்தபடியே சாயமேற்றிய ஓலையில் பெட்டியும் கூடையும் பின்னுகிறார்கள். கல்யாணத்துக்குத் தாம்பூலம் போட்டுத்தர அந்தப் பெட்டிகளை இப்போது சென்னையில் விரும்பி வாங்குகிறார்கள். ஒரு பெண் புதிதாக ஒரு மூடியோ கைப்பிடியோ கண்டுபிடித்தால், அடுத்த மாதம் அதே வடிவம் வேறு ஊரில், சில நேரம் பிளாஸ்டிக் நாரில் வந்துவிடும். வடிவமைப்புச் சட்டம் புது வடிவத்துக்கு 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் காப்புத் தருகிறது. ஆனால் விற்பனைக்கு வைத்து ஊரறியச் செய்வதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். பின்னிய அன்றே படமெடுத்து வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்கு அனுப்பும் பெண்ணுக்கு அந்த நிபந்தனை தெரிய வழியில்லை. பாட்டி காலத்து வடிவங்களுக்கோ புதுமை இல்லை என்பதால் காப்பே கிடையாது. தனிமனிதக் கற்பனையைக் காக்க எழுதப்பட்ட சட்டம், கைமாறிக் கைமாறி வளர்ந்த கற்பனையின் முன் கைவிரிக்கிறது. இவர்களுக்குப் பொருத்தமானது ஒரு கூட்டு வணிகச் சின்னம் என்பது என் கருத்து. பின்னுகிற பெண்களே உறுப்பினர், அவர்களே விதி எழுதுபவர்கள். 1959இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளம், உழைப்பவரையே உடைமையாளராக வைத்துக்கொண்டு ஒரு பெயரை நாடெங்கும் கொண்டுசெல்ல முடியும் என்று காட்டிவிட்டது. அங்கே உழைக்காத எவரும் அதில் பங்காளி ஆக முடியாது.

ஏரி இல்லாமல் பெயர் இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. முகத்துவாரம் மணல் மூடி அடைத்துக்கொண்டால் கடல் நீர் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது. தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்த பிறகு கரையின் மணல் ஓட்டம் பற்றி மீனவர்கள் கேட்கும் கேள்விகளும், காட்டுப்பள்ளி விரிவாக்கத்துக்கு எதிராக அவர்கள் எழுப்பிய குரலும் இந்தப் பெயரைக் காக்கும் போராட்டத்தின் பகுதிதான். பெயர் பரவினால் தேவை கூடும், தேவை கூடினால் சின்னக் கண்ணி வலையும் கூடும் என்ற ஆபத்தும் இருக்கிறது. ஆனாலும் குறியீட்டுக்கு ஆதரவாக இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சரக்கின் தரத்துக்கும் அந்த இடத்தின் நீர், மண், காற்றுக்கும் உள்ள தொடர்பை விண்ணப்பத்தில் நிறுவ வேண்டும் என்கிறது சட்டம். ஏரியின் உப்புநீர்தான் இந்த இறாலுக்குச் சுவை தருகிறது என்று அரசுப் பதிவேட்டில் ஏறிவிட்டால், அந்த உப்புநீரைக் கெடுக்க வருபவரிடம் காட்ட ஊரார் கையில் ஓர் ஆவணம் இருக்கும். விலையைவிட இந்தப் பயன் பெரிதாகலாம்.

என் முடிவு இது. ஓலைப் பெட்டிக்குக் கூட்டுச் சின்னம் இப்போதே வேண்டும். அதில் யாருக்கும் இழப்பில்லை. ஏரி இறாலுக்கும் நண்டுக்கும் குறியீடு கேட்பதற்குமுன், முன்பணக் கட்டிலிருந்து விடுபடக் கூட்டுறவுக் கடனும், பாட்டுக்கு வெளியே நிற்பவர்களையும் சேர்த்த உற்பத்தியாளர் பட்டியலும் அமைய வேண்டும். அந்த வரிசை மாறினால் பதிவு நடப்பதைவிட நடக்காமல் இருப்பது மேல். பதிவான பெயரைப் பயன்படுத்தும் உரிமை பெற்ற 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக'ப் பதிந்துகொள்ளும் கட்டணத்தை 2020ஆம் ஆண்டுத் திருத்தம் 10 ரூபாயாகக் குறைத்துவிட்டது. காசு தடையாக இருக்காது. பசியாவரத்திலும் பக்கத்து ஊர்களிலும் இதற்காகக் கூடும் பெரியவர்களையும், அவர்களுக்கு உதவ வரும் அதிகாரிகளையும் தொண்டு நிறுவனங்களையும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பறியைப் பல்லில் கடித்துத் தண்ணீரில் இறங்கும் பெண்ணின் பெயரைப் பட்டியலில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு கிண்டிக்குப் புறப்படுங்கள்.